தக்காளிப் பூவும் பல் துலக்கும் பிரஷும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலைப்பகுதிப் பசுமைக்குடில்களில் தக்காளி கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய் பிடிப்பதில்லை என்ற குறை வேளாண் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. பதிலாக வரும் யோசனைகள் இரண்டுதான். வளர்ச்சி ஊக்கி தெளியுங்கள் என்பார்கள். இல்லையென்றால் குடிலுக்குள் தேனீப் பெட்டி வையுங்கள் என்பார்கள். முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுத் தவறு. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது: பூக்கொத்தின் காம்பைக் கருவியால் அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பது. அதற்குப் பெரிய செலவில்லை, நேரம்தான் வேண்டும். ஆனால் நேரம் தவறிச் செய்தாலும் ஈரத்தில் செய்தாலும் பலன் இருக்காது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

தக்காளிப் பூ இருபால் பூ. தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பூசணியிலும் பாகலிலும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறோமே, அந்த வேலை இதில் இல்லை. பூவின் நடுவே மஞ்சள் கூம்பாக நிற்பது, ஐந்தாறு மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்ட ஒரு குழல். உருளைக்கிழங்குப் பூவைப் பார்த்துப் பழகிய நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் கூம்பு புதிதல்ல. கத்தரியும் ஊட்டி, கொடைக்கானல் சாலையோரம் விற்கும் மரத்தக்காளியும் அதே குடும்பம்தான். தக்காளியில் மகரந்தப்பை வெளிப்பக்கம் வெடிக்காமல் உள்பக்கம் வெடிக்கும். பூவின் பெண்பகுதியான சூல்தண்டும் அதன் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியும் அந்தக் குழலுக்குள்ளேயே இருக்கின்றன. பூ கவிழ்ந்து தொங்குவதால், அசைந்தால் மகரந்தம் குழல் வழியாக இறங்கிச் சூல்முடியில் படும். அசையாவிட்டால் உள்ளேயே கிடக்கும். சல்லடையில் மாவைப் போட்டுச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் இறங்குமா? தட்ட வேண்டும். மாவு நமுத்துப் போயிருந்தால் தட்டினாலும் இறங்காது. தக்காளி மகரந்தத்தின் கதை இவ்வளவுதான்.

திறந்தவெளியில் தட்டும் வேலையைக் காற்றும் சில காட்டுத் தேனீக்களும் செய்துவிடுகின்றன. கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கறுப்புத் தேனீயும் வயிற்றில் நீல வரி ஓடும் சிறு தேனீயும் பூவைக் காலால் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். வினாடிக்கு ஏறக்குறைய 200 முதல் 400 அதிர்வு. ‘ர்ர்ர்’ என்று கேட்கும்போதே மகரந்தம் பொடியாகக் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீக்கு இந்த வித்தை வராது. கொசுத் தேனீக்கும் வராது. தக்காளிப் பூவில் தேனும் கிடையாது. அப்படியிருக்க, குடிலுக்குள் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் தேனீ பூவை மதிக்காது. பிளாஸ்டிக் கூரையில் முட்டி முட்டிச் சாகும்.

வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து, இப்படிப் பூவை அதிர வைக்கத் தெரிந்த, உடல் பருத்த பம்பிள் தேனீயைப் பெட்டிகளில் வளர்த்து இதற்கு விடுகிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. அதை இங்கும் இறக்குமதி செய்யலாமே என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. நம் மலைகளில் பம்பிள் தேனீ இயற்கையில் கிடையாது. இந்தியாவில் அதன் வீடு இமயமலை. சிலி நாட்டில் 1990-களில் குடில்களுக்கென்று விட்ட ஐரோப்பிய வகை, எல்லை தாண்டி அர்ஜென்டினாவரை பரவி, அங்கிருந்த உள்ளூர்ப் பெரிய பம்பிள் தேனீயை ஓரங்கட்டிவிட்டது. சீகை மரத்தையும் உண்ணிச்செடியையும் வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்டு இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கும் நமக்கு, இன்னொரு விருந்தாளி வேண்டாம்.

ஆகவே குடிலுக்குள் தட்டும் வேலையை மனிதர்தான் செய்ய வேண்டும்.

எளிய கருவி, பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ். அட்டையில் ‘நிமிடத்துக்கு 31,000 அசைவு’ என்று போட்ட வகையாக இருந்தால் நல்லது. போவதும் வருவதும் சேர்ந்து ஓர் அதிர்வு என்று கணக்கிட்டால் வினாடிக்குச் சுமார் 258 வருகிறது. தேனீயின் கணக்கோடு பொருந்துகிறது. நாலைந்து செடி மட்டும் வைத்திருப்பவர்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 256 எண் இசைக்கவையை (வினாடிக்கு 256 முறை அதிரும் ‘ட்யூனிங் ஃபோர்க்’) ரப்பர் கட்டையில் தட்டி, அதன் நுனியைக் காம்பில் வைத்தாலும் போதும். மகரந்தம் உதிர்க்கவென்றே செய்த பேட்டரிக் கருவிகளும் விற்கின்றன. ஆயிரக்கணக்கில் செடி உள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகும்.

பிரஷ்ஷின் தூரிகைப் பக்கத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்தை, கொத்தின் தாய்க்காம்பில், முதல் பூவுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். பூவின் மேல் வைக்கவே கூடாது. கூம்பு நசுங்கினால் இரண்டே நாளில் பழுப்பாகும். சூல்முடி அடிபட்டால் காயில் தழும்பு விழும். வைத்துவிட்டு ஒன்று அல்லது இரண்டு வினாடி, அவ்வளவே. பத்து வினாடி பிடித்தால் பத்து மடங்கு காய் வராது, காம்புதான் கன்றிப்போகும். கொத்தில் ஆறேழு பூ இருந்தாலும் எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. இதழ் முழுக்கப் பின்னால் மடங்கி, நல்ல மஞ்சளாக இருக்கும் பூதான் அன்றைக்குத் தயார். ஒரு பூ அந்த நிலையில் இரண்டு மூன்று நாள் இருக்கும். எனவே தினமும் செய்யத் தேவையில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் அநேகமாக எந்தப் பூவும் தப்பாது. வாரம் ஒருமுறை என்றால் பாதிப் பூ தப்பிவிடும்.

நேரம்தான் மலையில் பெரிய விஷயம். சமவெளியில் காலை பத்து மணிக்குச் செய் என்று எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றி, கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் பனி இறங்கியிருக்கும்போது பிரஷ்ஷை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடிலின் உள்கூரையில் நீர்த்துளி தொங்குகிறது என்றால் மகரந்தமும் நமுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அதிர வைத்தால் அது உருண்டை உருண்டையாகத் திரண்டு குழலிலேயே ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருந்தால் உத்தமம். 80-ஐத் தாண்டினால் பயனில்லை. 50-க்குக் கீழே போனாலும் கேடுதான், சூல்முடி காய்ந்து மகரந்தம் ஒட்டாமல் போகும். ஆனால் அந்தக் கவலை பிப்ரவரி, மார்ச் வெயிலில் சில நாட்களுக்குத்தான். பனி விலகியதும் பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். பொதுவாகப் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அமையும். ஜூலைச் சாரலில் சூரியனே தெரியாத வாரங்களில், அன்றைக்குள்ள வெளிச்சமான இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த வேண்டியதுதான். மாலை மூன்று, மூன்றரைக்குத் திரையை இறக்கிவிட்டால் பகல் சூடு கொஞ்சமாவது உள்ளே தங்கும். சொட்டுநீரைக் காலையில் விடுங்கள். மாலையில் விடும் தண்ணீர் இரவெல்லாம் ஆவியாகிக் கூரையில் ஏறி, மறுநாள் பூவின்மேல் சொட்டும்.

மகரந்தம் இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள உருப்பெருக்கி எல்லாம் தேவையில்லை. அணைத்து வைத்த கைப்பேசியின் கறுப்புத் திரையைப் பூவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு காம்பை அதிர வையுங்கள். மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி படிந்தால் வேலை நடக்கிறது. எதுவும் விழவில்லை என்றால் நண்பகல் தாண்டி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் விழவில்லை என்றால் ஈரம் காரணமல்ல. மகரந்தமே சரியாக உருவாகவில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மகரந்தம் பூ மலரும் அன்று உருவாவதில்லை. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மொட்டு சிறிதாக இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அந்த நாட்களில் இரவு 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருந்தால் மகரந்தம் குறையும். 10-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் பெரும்பாலும் மலட்டுப் பொடிதான். பகல் 32, 35 என்று குடில் சூடேறினாலும் அதே கதி. அதாவது இன்று மலர்ந்திருக்கும் பூ, பத்து நாளுக்கு முந்தைய வானிலையின் கணக்கைத்தான் காட்டுகிறது. டிசம்பரில் உறைபனி விழுந்த வாரம் முடிந்து, வெயில் நன்றாக அடிக்கும் வாரத்தில் பூ கொட்டுகிறதே என்று குழம்பி, ஆளுக்கொரு மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். மருந்து ஊற்றிய ஒரு வாரத்தில் காய் பிடிக்கவும் செய்கிறது. பெயர் மருந்துக்குப் போகிறது. உண்மையில் பிழைத்தது பனிக்குப் பின் உருவான மொட்டு.

இதற்கு ஒரே வழி, குடிலுக்குள் செடியின் தலை உயரத்தில், நிழலில், குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டுத் தினம் எழுதி வைப்பது. சூடேற்றும் வசதி இல்லாத ஒற்றைப் பிளாஸ்டிக் குடில், விடியற்காலையில் வெளியை விட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருக்கும்; காற்றே இல்லாத தெளிந்த வானத்து இரவில் அதுவும் இருக்காது. குடில் போட்டுவிட்டோம், குளிர் வராது என்று நம்புவது நம் ஊர்களில் பரவலான நினைப்பு. தண்ணீர் நிரப்பிய கறுப்பு டிரம்களை வரிசை நடுவே வைத்தால் பகல் சூட்டைப் பிடித்து இரவில் கொஞ்சம் விடும். ஊட்டி உயரத்தில் அதுவும் ஓரளவுக்குத்தான். அங்கே டிசம்பர், ஜனவரியில் பூக்கிற மாதிரி நாற்று விடாமல் இருப்பதே மேல்.

ஊக்கிக்கு வருகிறோம். என்.ஏ.ஏ. (நாஃப்தலீன் அசிடிக் அமிலம்) போன்ற வளர்ச்சி ஊக்கிகள் மகரந்தம் இல்லாமலே சூலகத்தைப் பெருக்க வைக்கும். வழக்கமாக விதைகள் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்புக்குப் பதில் நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே. மகரந்தம் மலடாகிப்போன குளிர் வாரத்தில் அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் மகரந்தம் உயிரோடு இருக்கும்போது அதைத் தெளிப்பது, காசைக் கொடுத்து விதையில்லாத, உள்ளே கூடான காயை வாங்குவது. அப்படிப்பட்ட காயைக் குறுக்கே வெட்டினால் அறைகளில் சாறும் விதையும் குறைந்து வெற்றிடம் தெரியும். உருவம் கோணும், எடை நிற்காது. அளவு சற்றுக் கூடினாலோ துளிர் இலை சுருண்டு கயிறுபோல் ஆகும். இயற்கை முறைச் சான்று வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியே கிடையாது.

வெட்டிப் பார்ப்பதைப் பற்றி இன்னொன்று. ஊக்கியே தெளிக்காத செடியிலும் கூடான, கோணல் காய் வந்தால், சில சூல்கள் மட்டும் கருவுற்றிருக்கின்றன என்று பொருள். விதை இருக்கும் பக்கம் பெருத்து, இல்லாத பக்கம் சூம்பும். மகரந்தம் இறங்கியது, போதுமான அளவு இறங்கவில்லை. செர்ரி வகைகளில் இது அவ்வளவாகத் தெரியாது. அரைக்கிலோ எட்டும் பெரிய வகைகளில் உடனே முகத்தில் தெரியும். காயின் அடி கறுத்துக் குழிவது இதனோடு சேர்ந்ததல்ல. அது சுண்ணாம்புச் சத்தும் நீர்ப்பாய்ச்சலும் சம்பந்தப்பட்டது. நம் புளிப்பு மண்ணில் அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

வெளிச்சம் குறைந்த மழை வாரங்களில் சூல்தண்டு நீண்டு, கூம்பின் வாயைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அந்தப் பூவை அதிர வைத்தால் மகரந்தம் சூல்முடியைத் தொடாமல் பக்கவாட்டில் விழுந்துவிடும். இந்த ஒரு நிலையில் மட்டும் கையால் தொட்டு வைப்பது பயன்படும். நன்றாகப் பொடி விடும் நாலைந்து பூக்களைக் கறுப்பு அட்டையின்மேல் அதிர வைத்து மகரந்தத்தைச் சேர்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியை அதில் மெல்லத் தொட வைக்க வேண்டும். சேர்த்ததை அன்றே பயன்படுத்திவிடுவது நல்லது. மற்றபடி எல்லாப் பூவையும் பஞ்சால், ஓவியத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு; குழலுக்குள் இருப்பதை வெளியிலிருந்து துடைத்து என்ன கிடைக்கும்?

கூலிக்கணக்கு கேட்பார்கள். பத்து சென்ட் குடில் என்றால் ஏறக்குறைய 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டரைச் செடி வீதம் ஆயிரம் செடி. ஒரு சமயத்தில் செடிக்கு இரண்டு கொத்து பூவில் இருக்கும். கொத்துக்கு மூன்று வினாடி என்றால் 2,000 கொத்துக்கு 1 மணி 40 நிமிடம். நடையும் ஏணி நகர்த்துவதும் சேர்த்து இரண்டரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று முறை. வீட்டுப் பிரஷ் தினம் நாலைந்து நிமிடம் ஓடுவதற்காகச் செய்தது; ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் தாங்காது. இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் செடி கட்டிய கயிற்றை மேல்கம்பிக்குக் கீழே மூங்கில் குச்சியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகலாம். வெயில் காய்ந்த நாளில் அது பிரஷ்ஷுக்கு அதிகம் குறையாது. ஈர நாளில் மிகவும் குறையும். முதுகில் மாட்டும் புளோயரால் வெறும் காற்றை அடிப்பவர்களும் உண்டு. வேகம்தான், ஆனால் சாம்பல் பூசணம் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் குடில் முழுக்கப் பரப்பிவிடும். மருந்து அடித்த கருவியை அதற்கு எடுக்கவே கூடாது.

பிரஷ்ஷும் நோயைக் கடத்தும் என்பதை மறந்துவிடுகிறோம். புகையிலைத் தேமல் நச்சுயிரி (வைரஸ்) பீடி, சுருட்டு, வாய்ப்புகையிலை எல்லாவற்றிலும் இருக்கக்கூடும். தொட்ட கையோடு ஆயிரம் செடியைத் தொட்டால் ஆயிரத்துக்கும் வாய்ப்பு. வேலைக்கு முன் சோப்பால் கை கழுவ வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலில் கையையும் பிரஷ் தலையையும் நனைத்துக்கொள்வது இந்த நச்சுயிரியைப் பெருமளவு அடக்கும். இலை தேமலாகவோ வாடியோ தெரியும் செடிகளுக்கு அடையாளத் துணி கட்டி, கடைசியில் தனிப் பிரஷ்ஷோடு போங்கள். அல்லது அவற்றைத் தொடாமலே விடுங்கள். பூஞ்சாண மருந்து அடிக்க வேண்டிய நாளில் முதலில் பூவை அதிர வைத்துவிட்டு, பிறகு மருந்து. இலைக்கருகலுக்குப் பயந்து காலையிலேயே அடித்துவிட்டு, நனைந்த பூவை மதியம் உலுக்கிப் பயனில்லை. அதே சமயம் பனி இறங்குமுன் இலை காய்வதற்கும் நேரம் விட வேண்டும். இந்த இடுக்கில்தான் மலை விவசாயம் ஓடுகிறது.

பலன் தெரிய ஒரு வாரம் போதும். கருவுற்ற பூவின் இதழ் வாடிச் சுருங்கி நிற்கும், அடியில் பச்சைமணி போல் பிஞ்சு தெரியும். கருவுறாத பூவின் காம்பில், நடுவே முழங்கால்போல் இருக்கும் கணு மஞ்சளாகி அங்கேயே ஒடியும். பத்துக் கொத்துக்கு வண்ண நூல் கட்டிப் பூவையும் பிஞ்சையும் எண்ணிப் பாருங்கள். ஏழு பூவில் ஐந்து நின்றால் மேற்கொண்டு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பாதிக்கும் கீழே என்றால் வெப்பமானிக் குறிப்பைப் பாருங்கள். அதில் குறையில்லை என்றால் தழைச்சத்தைப் பாருங்கள். தண்டு பெருவிரல் தடிமனில், இலை கருநீலப் பச்சையில் இருந்தால் செடி காய்க்கும் எண்ணத்தில் இல்லை, வளரும் எண்ணத்தில் இருக்கிறது. காய்ந்த இதழ் பிஞ்சின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் விரலால் தள்ளிவிடுங்கள், சாம்பல் பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் திறந்தவெளியில் தக்காளி போடுபவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் வேண்டாம். காற்றும் கருவண்டும் இருக்கின்றன. பழைய மர உத்தரத்தில் கருவண்டு துளை போட்டிருந்தால் களிமண் வைத்து அடைக்காதீர்கள். வரப்பில் துவரையோ சணப்பையோ நாலு வரிசை இருந்தால் அவை பூக்கும் காலமெல்லாம் கருவண்டு அங்கேயே சுற்றும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஊட்டி, கொடைக்கானல் வெப்பநிலையை நீங்கள் வெளியிடுகிறீர்கள். பெரும்பாலும் அது சுற்றுலாப் பயணிகளுக்காக, உறைபனிப் படத்தோடு. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், தாண்டிக்குடி ஆகிய இடங்களின் விடியற்கால வெப்பநிலையைக் கடந்த பத்து நாட்களுக்கும் சேர்த்து ஒரு சிறு கட்டமாக வேளாண் பக்கத்தில் போட முடியுமா? இன்று பூ கொட்டுவது ஏன் என்பதற்கு விடை பல குடில்களில் அந்தக் கட்டத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
பசுமைக்குடில் காய்கறி விவசாயிகள் சிலர்,
கோத்தகிரி வட்டாரம், நீலகிரி.